ஊட்டிக்கு நான் போட்ட லீவு

"…அப்பறம் மலை ரயிலு. ஜன்னலோரம் பொண்ணுக்கு உட்டுடணும், நைனா. நான் கதவாண்ட நின்னுக்கினு வரேன். ஒரு தபா குளிரு மூஞ்சில அறையட்டுமே!"

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் ஷிஃப்ட் மாறும் நேரம். அண்ணன் சொல்லச் சொல்ல, நான் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தேன். அவர் என் ரிலீவர். உலையடியில் அவர் வந்தால்தான் நான் போகலாம், நான் வந்தால்தான் அவர். பதினோரு வருஷப் பழக்கமும் அந்தப் பத்து நிமிஷப் பேச்சில் வளர்ந்ததுதான். அதில் பாதிக்கு மேல் ஊட்டி. கம்பி ஏற்ற வரும் லாரி டிரைவர்களைக் கேட்டுக் கேட்டே எந்த ரயில், எங்கே இறங்குவது, எங்கே தங்குவது என்று எல்லாம் தெரிந்துவைத்திருந்தார். ஊட்டிக்குப் போகிறவர்கள், போகாத அவரிடம் வழி கேட்டுப் போவார்கள்.

ஆனியில் அவர் மகளுக்குக் கல்யாணம். அதற்குள் மனைவி, மகளோடு மூன்று பேராக ஒருமுறை போய்வர வேண்டும் என்று மே கடைசி வாரத்தைக் குறித்துவைத்திருந்தார். எங்களில் ஒருவருக்குத்தான் லீவு கிடைக்கும். முதலில் எழுதிக் கொடுத்தவருக்கு. அவர் எப்போதோ கொடுத்திருக்கலாம். "உன்ன ஒரு வார்த்த கேக்காம எப்டி நைனா குடுக்கறது?" என்பார். நான் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளைகள் நச்சரித்தார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அதே வாரத்துக்கு, அவர் சொன்ன அதே ரயிலில் டிக்கெட் எடுத்து, லீவும் வாங்கிவிட்டேன்.

போனோம். மலை ரயிலில் குளிர் வந்து அடித்ததும் நான் செய்த முதல் காரியம், மப்ளரால் முகத்தை மூடிக்கொண்டது. அண்ணன் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். மகள் நாயுடுபேட்டையில் இருக்கிறாள். அந்த மூன்று பேரும் சேர்ந்து எங்கேயும் போகவில்லை. என் மகன் இன்று போனைத் தடவி அரைமணியில் காஷ்மீருக்கே திட்டம் போடுகிறான். "நீயும் வாப்பா" என்கிறான். "நீங்க போய்ட்டு வாங்க" என்றுவிடுகிறேன்.

அன்று பூட்ஸைக் கழற்றி முடித்த பிறகுதான் சொன்னேன். "அண்ணா, அந்த வாரம் நான் லீவு போட்டுட்டேன். ஊட்டிக்குத்தான்."

அவர் தன் பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

"மலை ரயிலுக்கு டிக்கெட்டு எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"மலை ஏறச்சொல்ல எடது பக்கமா குந்து. பள்ளமெல்லாம் அந்தாண்டதான் தெரியுமாம்."

சொல்லிவிட்டு, கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு, உலையைப் பார்க்க நடந்தார்.