குச்சியில் வாங்கிய உடம்பு

என் கணவருக்கு அந்தக் காரின்மேல் இருந்த பிரியத்தில் பாதி என்மேல் இருந்தால் போதும் என்று நான் புலம்பாத நாளே கிடையாது. சைகோனில், கான் ஹொய் துறைமுகத்தை ஒட்டிய சந்து ஒன்றில் அப்போது குடியிருந்தோம். கார் ஒரு பழைய கறுப்புப் பிரெஞ்சுக் கார். ஊரைவிட்டுக் கிளம்பிய வெள்ளைக்காரர் ஒருவர் இவரிடம் விற்றுவிட்டுப் போனது. இவர் அதை வாடகைக்கு ஓட்டித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஆற்றில் நீர் ஏறும்போதெல்லாம் சந்துக்குள் தண்ணீர் வந்துவிடும். உப்புத் தண்ணீர். அதில் நின்று நின்றே காரின் அடிப்பக்கம் அரித்துப் போனது. ஒரு நாள் பின் சீட்டில் ஏறிய பருத்த சீமாட்டி ஒருத்தியின் செருப்புக் குதிகால் தரையைப் பொத்துக்கொண்டு ரோட்டுக்கே போய்விட்டது. அவள் போட்ட சத்தத்தை இவர் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அடுத்தாற்போல் வாடகை வண்டிகளுக்கான சர்க்கார் பரிசோதனைக்குப் போனபோது சிரிப்பு நின்றது. அதிகாரி கதவுக்கு அடியில் திருப்புளியால் ஒரு குத்துக் குத்தினார், அப்பளம்போல் உடைந்தது. மழைக்காலம் முடிந்ததும் திரும்பக் கொண்டு வா, அப்போதும் இப்படியே இருந்தால் உரிமத்தைப் பறித்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பினார். எங்களைப் போன்ற வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒருமுறை போன உரிமம் போனதுதான்.

உரிமம் போனால் அடுத்தது காரைக்கால் கப்பல். இவர் பிறந்த ஊர் அது. அங்கே இவருடைய அண்ணன் பஸ் பட்டறை நடத்தினார். உனக்கு இங்கே இடம் இருக்கிறது, வந்து சேர் என்று வருஷக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பிறந்ததோ சைகோனில். மீன்காரியோடு சண்டை போடுவதுகூட எனக்கு வியட்நாம் பாஷையில்தான் சரியாக வரும். காரைக்காலை நான் கண்ணால் கண்டதில்லை. மழை பிடித்துக்கொண்ட நாளிலிருந்து நான் காலண்டரில் நாளை எண்ணத் தொடங்கினேன்.

அந்தக் காரில் ஒரு சங்கடம் உண்டு. மற்றக் கார்களுக்கு அடியில் சேசிஸ் என்கிற இரும்புச் சட்டம் இருக்கும், மேலே பாடி உட்கார்ந்திருக்கும். இதற்குச் சேசிஸே கிடையாது. கதவுகளுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஓடுகிற தகட்டுப் பெட்டிதான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. அந்தப் பெட்டிதான் அரித்துப் போயிருந்தது. புதுத் தகடு வாங்கி ஒட்டுப் போடலாமே என்று நான் யோசனை சொன்னேன். கிழிந்த பாயைத் தைக்கலாம், முதுகெலும்பைத் தைக்க முடியுமா என்று கேட்டார். அதே மாதிரிக் காரின் உடம்பு ஒன்று வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

தேடினார், தேடினார், ஊர் ஊராய்த் தேடினார். கடைசியில் சைகோனுக்கு வெளியே குச்சி என்கிற ஊர்ப் பக்கம் ஒரு விவசாயியின் மாட்டுக் கொட்டகையில் கிடைத்தது. முன்பக்கம் நசுங்கிப்போய், எஞ்சின் இல்லாமல், உள்ளே கூரை முட்ட வைக்கோலோடு கிடந்தது. மேட்டு நிலம், மேலே கூரை. சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை. இவர் மண்டியிட்டுக் கதவின் அடியை விரலால் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டதைப் பார்த்து அந்தக் குடும்பமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. லாரியில் ஏற்றிக்கொண்டு சந்துக்குள் வந்து இறங்கினபோது மாப்பிள்ளை அழைப்புக்கு வருவதுபோல் முகம் பூரித்திருந்தார். வைக்கோலைக் கூட்டி அள்ளினது யார் என்று கேட்காதீர்கள்.

சந்து முனையில் வெல்டிங் கடை வைத்திருந்த வியட்நாமியர்தான் துணைக்கு வந்தார். அவர் இவரை ‘ஏழாம் அண்ணே’ என்பார்; சைகோனில் இந்தியர் எல்லோருக்கும் அதுதான் பெயர். வாய் ஓயாது, தன்னைப்போல் வெல்டர் இந்தோசீனாவிலேயே இல்லை என்பார். அது உண்மையாகவும் இருந்ததுதான் எனக்கு எரிச்சல். அவர் முதலிலேயே படித்துப் படித்துச் சொன்னார்: ஒரு பக்கத்தை வெட்டு, அதில் குச்சி வண்டியின் பெட்டியை வைத்து ஒட்டு, அதற்கப்புறம்தான் மறுபக்கத்தைத் தொடவேண்டும்.

இவர் கேட்டாரா? ஊரிலிருந்து வந்த பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தார். அந்த வாரத்தில் ஒரே ஒரு நல்ல நேரம்தான் இருந்ததாம். பிழைப்புக்கான காரியம், பழசை அறுக்கிற வேலை மொத்தமும் அதற்குள் முடிந்துவிட வேண்டும் என்று பிடிவாதம். வெல்டர் தலையில் அடித்துக்கொண்டார். கதவுகளைக் கழற்றி, தேங்காய் உடைத்து, இரண்டு பக்கமும் ஆள் வைத்து அறுத்தார்கள். நல்ல நேரம் முடிவதற்கு முன்பே முடித்துவிட்டோம் என்று இவர் நிமிர்ந்தார். கார் மெல்ல முனகியது. நடுவில் தொய்ந்து, மாடு படுப்பதுபோல் குந்திவிட்டது. கதவை எடுத்து வைத்துப் பார்த்தால் எந்தக் கதவும் எந்த வாசலிலும் சேரவில்லை. காரைக்கால் சூரியனுக்குக் கணித்த பஞ்சாங்கத்தைச் சைகோன் கடிகாரத்தில் பார்த்த மனுஷர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

வெல்டர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு, இது இனிமேல் பழைய இரும்புதான் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

“போதுங்க, விட்டுடுங்க. காரைக்காலுக்கே போயிடலாம். நான் வர்றேன்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “சோத்தப் போடு, பசிக்குது” என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் முழுக்க இவர் குச்சி வண்டியின் பக்கத்தில் பீடியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அது இன்னும் அறுபடாமல், நேராக இருந்தது. சாயங்காலம் எழுந்து என்னிடம் நூற்கண்டு கேட்டார். அதன் கதவு வாசல்களில் மூலைக்கு மூலை நூல் பிடித்து, அந்த நீளத்துக்கு மூங்கில் வெட்டினார். நம் வண்டியின் அடியில் ஜாக்கி கொடுத்துத் துளித்துளியாக ஏற்றினார். ஒரே மூச்சில் ஏற்றினால் எங்காவது பிளந்துகொள்ளும் என்று நாளுக்கு ஒரு விரற்கடைக்குமேல் போகமாட்டார். மூங்கில் வாசலில் மூலைக்கு மூலை பொருந்துகிறதா என்று பார்ப்பார், பொருந்தாது, கைகழுவிவிட்டுச் சாப்பிட வருவார். மழையில் தார்ப்பாய்க்கு அடியில் படுத்துக்கொண்டு அவர் காட்டிய அந்தப் பொறுமையை நான் வேறு எந்த ஆணிடமும் கண்டதில்லை. என்னிடம் பத்து நிமிஷம் பொறுமையாகப் பேசத் தெரியாத மனுஷர்! பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது, அதை அவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

நாலு வாசலிலும் மூங்கில் பொருந்திய அன்று வெல்டர் தானே சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார். வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி கொடுத்து இறுக்கிவிட்டு, குச்சி வண்டியின் பெட்டியை அறுத்து, இந்த முறை ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம் வைத்தார்கள். பஞ்சாங்கம் அலமாரிக்குள் இருந்தது. ஒட்டின இடத்தை வெல்டர் என் கையைப் பிடித்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். எங்கே பழசு முடிகிறது, எங்கே புதுசு தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை.

பரிசோதனைக்குப் பாரத்தோடு வரச் சொல்லியிருந்ததால் நானும் வெல்டரும் பின் சீட்டில் ஏறிக்கொண்டோம். அதே அதிகாரி, அதே திருப்புளி. குத்தினார், தட்டினார், படியில் ஏறிக் குதித்துக்கூடப் பார்த்தார். கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார். பிறகு முத்திரை குத்திக் கொடுத்தார். வெல்டர் என்னவோ தனக்கே உரிமம் கிடைத்ததுபோல் வாசலில் நின்ற அத்தனை ஓட்டுநர்களிடமும் கதையைச் சொல்லிவிட்டுத்தான் ஏறினார். வழியில் அவர் கடைத்தெருவில் இறங்கிக்கொண்டார்.

நாங்கள் இரண்டு பேரும் தனியானதும் எனக்கு மனசு லேசாகிவிட்டது. பாவம், ஊரிலிருக்கும் மனுஷர் காத்துக்கொண்டிருப்பாரே என்றுகூடத் தோன்றியது.

“ஒங்க அண்ணன் ஏமாந்து போவாருல்ல?” என்று கேட்டேன்.

“அவரு வேற ஆள வச்சு எவ்வளவோ நாளாச்சு. குச்சிக்குப் போறதுக்கு முன்னாடியே, கப்பல்ல போன ஆளுகிட்ட சொல்லி அனுப்பிட்டேன். நான் வரல, எனக்காக எடம் வச்சிருக்க வேணாம்னு.”

அப்படியானால் கார் குந்திய அன்று எங்களுக்குப் போக ஓர் இடமே இல்லை. அது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சோறு கேட்டிருக்கிறார்.

“நான்தான் அன்னிக்கு வர்றேன்னு சொன்னேனே?”

“சொன்ன” என்றார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “நீ சொன்னப்ப ஒன் மூஞ்சிய நான்ல பாத்தேன்.”

பாலம் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, முன் சீட்டில் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.