சாவு வீட்டுப் பரீட்சை

என்னைத் தனியாக விட்டால் பிழைப்பேனா மாட்டேனா என்று கண்டுபிடிக்க ஒரு பரீட்சை இருப்பதாக டாக்டர் சொன்னதும் அண்ணன் முகம் தெளிந்தது. அவருக்கு எதிலும் ஒரு முடிவு கையில் இருக்க வேண்டும். அவர் மகன் ஜொகூரில் வீடு வாங்கிவிட்டான். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அண்ணனும் அண்ணியும் அங்கே போகிறார்கள். புக்கிட் பெலிம்பிங் வீட்டில் மிஞ்சப்போவது நான், துணி துவைக்கும் மெஷின், பின்கட்டில் இரண்டு கோழிகள். கோழிகளைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

எனக்கு மனச்சிதைவு நோய். எங்கள் சொந்தக்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. ‘அதுக்குக் கொஞ்சம் சரியில்ல’ என்று நிறுத்திக்கொள்வார்கள். குரல்கள் இன்னமும் கேட்கும். மாதாமாதம் ஊசி போட ஆரம்பித்த பிறகு பக்கத்து வீட்டு ரேடியோ அளவுக்குக் குறைந்துவிட்டன. பக்கத்து வீட்டு ரேடியோவை யார் உட்கார்ந்து கேட்கிறார்கள்? நானும் என் வேலையைப் பார்ப்பேன். சமைப்பேன், துவைப்பேன், மாத்திரை போட்டுக்கொள்வேன். வீட்டில் அண்ணியும் இருப்பதால் இதையெல்லாம் அண்ணிதான் செய்கிறார் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது.

சபாக்கில் என்னைப் போன்ற நோயாளிகளுக்கு ஓர் இல்லம் இருந்தது. அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, எல்லா அறையிலும் காற்றாடி ஓடுகிறது, சாப்பாடு நேரத்துக்கு வருகிறது என்றார். ஜன்னல் எப்படி என்று கேட்டேன். கம்பி போட்டுப் பத்திரமாக இருக்கிறது என்றார். எனக்கு அங்கே போக இஷ்டமில்லை என்று தெளிவாகவே சொன்னேன். ஆனால் என்னைப் போன்றவர்கள் வேண்டாம் என்று சொன்னால், அது நாங்கள் சொன்னதா நோய் சொன்னதா என்று மற்றவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். கடைசியில் பேச்சு இப்படி முடிந்தது: பரீட்சையில் தேறினால் வீடு, தவறினால் சபாக்.

பரீட்சை வைத்தவர் கோலாலம்பூரில் வளர்ந்த ஓர் இளம் பெண். நோயாளிகளுக்கு அன்றாட வேலைகளைப் பழக்கும் தெரபிஸ்ட். பரீட்சை வெளிநாட்டிலிருந்து வந்தது. அதை இங்குள்ள தமிழர்களுக்கு ஏற்றமாதிரி மாற்றுவது அவர் பொறுப்பு. முதலில் உள்ளது உள்ளபடி தமிழில் கேட்டுப் பார்ப்பார், பிறகு திருத்துவார். அந்த முதல் தடவைக்கு அகப்பட்டவர்களில் நானும் ஒருத்தி.

செக் எழுதிக் காட்டச் சொன்னார். செக் எழுதத் தெரியாதவர்கள் தனியாக இருக்கக்கூடாது என்றால் எங்கள் தெருவையே காலி செய்ய வேண்டியிருக்கும் என்றேன். அடுத்து, முட்டையும் பாலும் போட்டுச் செய்யும் ஏதோ புட்டிங். நான் முட்டையைத் தனியாகவும் பாலைத் தனியாகவும் பயன்படுத்துகிறவள். பிறகு ஒரு பஸ் வரைபடத்தை விரித்து, மிருகக்காட்சிசாலைக்கு எப்படிப் போவீர்கள் என்று கேட்டார். ஈஜோக்கில் சித்தி மகன் வேன் ஓட்டுகிறான், அவனைக் கூப்பிடுவேன் என்றேன். அதற்கு மார்க் இல்லையாம். இன்னொருவர் உதவியோடு போனால் தானாகப் போனதாகக் கணக்கில் வராதாம். அவர் அன்று கிளினிக்குக்கு எப்படி வந்தார் என்று கேட்டேன். கணவர் காரில் கொண்டுவந்து விட்டதாகச் சொன்னார். சொல்லிவிட்டு அவரே சிரித்து, எதையோ குறித்துக்கொண்டார். நல்ல பெண்.

சில மாதம் கழித்துத் திருத்திய பரீட்சைக்கு அழைப்பு வந்தது. அண்ணன் கல்யாணத்துக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து சுவரோரம் உட்கார்ந்தார். இந்தத் தடவை செக் இல்லை. புட்டிங் சவ்வரிசிப் பாயசமாகியிருந்தது. பஸ் வரைபடத்துக்குப் பதிலாக, தைப்பூசத்துக்குப் பத்துமலை போவதென்றால் யாரிடம் சொல்வீர்கள், என்னென்ன எடுத்துக்கொள்வீர்கள் என்ற கேள்வி. மாத்திரையை மறக்காமல் சொன்னேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசிக் கேள்வி ஒன்றுதான் பாக்கி.

பழைய பரீட்சையில் அந்த இடத்தில் ஒரு விருந்து இருந்தது. புதிதாகக் குடிவந்தவர் வீட்டு விருந்துக்குப் போய் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். எங்கள் பக்கம் யாரும் அப்படிப் போவதில்லை என்று யோசித்து, தெரபிஸ்ட் அதைச் சாவு வீடாக மாற்றியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் இறந்துவிட்டார், நீங்கள் போகிறீர்கள். தெரபிஸ்ட்தான் அவர் மனைவி. நடித்துக் காட்ட வேண்டும்.

நான் போனேன். வணக்கம் சொல்லவில்லை. கணவன் செத்த அன்று சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை நான் பார்த்ததில்லை. இருந்தாலும் அவரவர் துக்கம் அவரவருக்கு. கீழே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டேன். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே போய்விட்டேன். கார் நிறுத்தும் இடத்தில் ஒரு குழாய் இருந்தது. கால் கை முகம் கழுவிவிட்டு மரத்தடியில் நின்றேன்.

தெரபிஸ்ட் ஓடிவந்தார். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டார். உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, வருத்தத்தோடு மார்க்கைச் சொன்னார். முகமன் சொல்லவில்லை, பேச்சை வளர்க்கவில்லை, விடைபெறவில்லை, பாதியில் எழுந்து போய்விட்டேன். கதையை மாற்றியவர் மார்க் போடும் முறையை மாற்றவில்லை. விருந்துக்கு எதெல்லாம் மரியாதையோ, அதையெல்லாம் சாவு வீட்டில் தேடியிருக்கிறார். அந்த ஒரு கேள்வியால் நான் தவறிக்கொண்டிருந்தேன்.

என்னைப் போன்றவர்கள் செய்ததற்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தால், விளக்கம் நீள நீள எதிரில் இருப்பவர் தலையாட்டல் மெதுவாகும். அதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் அண்ணனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சும்மா இருந்தாலே போதும், நான் சபாக்குக்குப் போய்விடுவேன். அவர் மேல் பழியும் வராது.

அண்ணன் தொண்டையைச் செருமினார்.

“மிஸ், சாவு வீட்டுல போயிட்டு வரேன்னு யாரும் சொல்லமாட்டாங்க லா. சொன்னா, திரும்பவும் ஒரு சாவுக்கு வரேன்னு ஆயிரும். என் தங்கச்சி செஞ்சதுதான் சரி. நானா இருந்தாலும் அப்படித்தான் எந்திரிச்சு வந்திருப்பேன்.”

தெரபிஸ்ட் பேனாவைக் கீழே வைத்தார். சின்ன வயதில் தாத்தா இறந்த வீட்டில் எல்லாருக்கும் கையாட்டி ‘பை பை’ சொன்னதற்கு அம்மா தொடையில் கிள்ளியது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்ததாம். எதற்குக் கிள்ளினார் என்று இத்தனை வருடம் தெரியாமலே இருந்திருக்கிறது. அப்படியானால் எதற்கு மார்க்கைக் குறைக்கலாம் என்று எங்களிடமே கேட்டார். சிரித்தால் குறைக்கலாம் என்றார் அண்ணன். போனை நோண்டினால் குறைக்கலாம் என்றேன் நான். அப்படிப் பார்த்தால் நம் குடும்பத்தில் பாதிப் பேர் தேறமாட்டார்கள் என்றார் அண்ணன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம் உட்கார்ந்து பேசி ரொம்ப நாளாகியிருந்தது. தெரபிஸ்ட் டாக்டரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். ஊசிக்குத் தவறாமல் வர வேண்டும், சித்தி மகன் வாராவாரம் எட்டிப் பார்க்க வேண்டும். மற்றபடி நான் வீட்டிலேயே இருக்கலாம்.

திரும்பும் வழியில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. அண்ணன் அதை முந்தவே இல்லை. அதன் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு பேசினார்.

“நீ பெயில் ஆயிருந்தா நான் ஜொகூர்ல நிம்மதியா தூங்கியிருப்பேம்மா.”

கோபம் வர வேண்டிய இடம்தான். வரவில்லை. இத்தனை வருடமாக எல்லாரும் எல்லாவற்றையும் என் நன்மைக்கு என்றே சொல்லி வந்தார்கள். தனக்குப் பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் இவர்தான். அவர் மேல் எனக்கு அன்று வந்த பாசத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வந்தது.

“எனக்கும் பயமாத்தாண்ணே இருக்கு” என்றேன். பொய் இல்லை. தேற வேண்டும் என்ற மும்முரத்தில் அதுவரை பயப்பட நேரம் கிடைக்கவில்லை.

வீட்டு வாசலில் காரை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தார். நோயின் ஆரம்பத்தில் ஒரு விடியற்காலை நான் பாட்டுக்கு வெளியே நடந்து போய்விட, தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து வாசல் கிரில் கதவின் சாவி அவரிடம்தான். எனக்கு ஒன்று செய்துதர வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. வளையத்தை நகத்தால் பிரிக்க முடியாமல் பல்லால் கடித்துப் பிரித்தார். சாவியை என் கையில் வைத்து, தொலைத்துவிடாதே என்றார்.

அன்று சாயங்காலம் கிரில்லை நான்தான் பூட்டினேன். அண்ணன் உள்ளே இருந்தார்.