எண்பத்தெட்டு நிமிட ராஜா

செஞ்சிக் கடைத்தெருவில் டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு விடும் ஜான் பாஷாவுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. பேய், பில்லி, தாயத்து, ராகுகாலம் எதிலும் நம்பிக்கை இல்லை. லண்டன் கடை ஒன்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அச்சடித்து அனுப்பும் வீடியோ கேசட் பட்டியலின் மேல் மட்டும் அபார நம்பிக்கை உண்டு.

கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று எந்த வீட்டில் கூப்பிட்டாலும் டி.வி.யைப் போர்வையில் சுற்றி மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். மூன்று படம் போட்டுவிட்டு மறுநாள் கொட்டாவியோடு திரும்புவார். அந்தப் படங்களை அவர் படம் என்றே ஒத்துக்கொள்வதில்லை. அவர் ஒத்துக்கொள்ளும் படங்கள் கட்டிலுக்கடியில் தகரப்பெட்டியில் இருந்தன. எல்லாம் வெளிநாட்டுப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். வசனம் குறைவு, மழை அதிகம். துபாயில் வேலை பார்க்கும் மச்சான் உமர் பாரூக், லீவில் வரும்போதெல்லாம் சென்ட் பாட்டில்களுக்கு நடுவே இரண்டு மூன்று கேசட் கொண்டுவருவான்.

"செத்தவங்க படமா பாத்துச் சேத்து வெக்கிறீங்களே, ஊட்ல உசுரோட ஒருத்தி இருக்கறது தெரியுதா?" என்பார் மனைவி ஜாஹிதா பேகம்.

"உனக்கு சப்-டைட்டில் இல்லியே, எப்படிப் புரியும்?" என்பார் பாஷா. அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது.

ஊரில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தபால் ஆபீஸ் தாண்டவராயன். மற்றவர் பெண்கள் பள்ளி இங்கிலீஷ் டீச்சர் மங்கை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் பாஷாவின் கடையில் கூடுவார்கள். படம் பார்ப்பது குறைவுதான். அடுத்து எந்தப் படம் கேசட்டாக வரும் என்று யூகிப்பதே முக்கிய வேலை. லண்டன் கடைக்காரன் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் 'விரைவில்' என்று ஒரு கட்டம் போட்டிருப்பான். சில பெயர்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும், சிலவற்றுக்கு இருக்காது. அந்த நட்சத்திரத்துக்கு இன்ன அர்த்தம் என்று அவன் எங்கேயும் சொல்லவில்லை. அது இவர்களுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

"போன தடவை ஹங்கேரிப் படம் வந்துச்சு. அதுக்கு மின்ன போலந்து. வடக்கால இருந்து தெக்க வர்றான். அடுத்தது இத்தாலிதான்," என்பார் தாண்டவராயன்.

"அதெல்லாம் இல்ல சார். டைரக்டர் செத்தா ஆறு மாசத்துல கேசட் வருது. நான் நாலு பேருக்குக் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்," என்பார் மங்கை.

இந்தத் தத்துவம் பிறந்த நாளிலிருந்து, உலகத்தின் தலைசிறந்த கிழட்டு இயக்குநர்களின் உடம்பைப் பற்றிச் செஞ்சியில் மூன்று பேருக்கு ஓயாத கவலை. யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்ததாகப் பேப்பரில் வந்தால் பாஷாவின் முகம் மலர்ந்துவிடும். பக்கத்துக் கடையில் பஞ்சாங்கம் பார்த்துக் கடை திறக்கிற எண்ணெய்ச் செட்டியாரைப் பார்த்து இதே மூவரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

பட்டியலில் அவர்கள் முதலில் தேடுவது ஒரே பெயரைத்தான். 1961இல் ஐரோப்பாக்காரர் ஒருவர் செஞ்சிக் கோட்டையில் இரண்டு மாதம் தங்கி எடுத்த படம் அது. அதன் பெயர் யார் வாயிலும் நுழையாததால் மூவரும் 'செஞ்சிப் படம்' என்பார்கள். தோற்றுப்போன ராஜா ஒருவன் தனியாகக் கோட்டையைச் சுற்றி நடக்கிறான். கதை அவ்வளவுதான். பரிசெல்லாம் வாங்கியது என்று மங்கை படித்திருந்தார். ஷூட்டிங்கின்போது ஊர்க்காரர்களைக் கோட்டைக்குள் விடவில்லை, செஞ்சியில் படம் ஓடியதும் இல்லை.

ஊருக்குத் தெரிந்தவரை அந்த ராஜா ரைஸ்மில் துரைக்கண்ணுதான். அவர் வீட்டுக் கூடத்தில் ஆளுயர போட்டோ உண்டு. தலையில் மகுடம், கையில் வாள், பின்னால் திரை. ஊர்க் கூட்டங்களில் "நம் செஞ்சியின் ராஜா" என்று அறிவித்துத்தான் மாலை போடுவார்கள்.

இல்லை, ராஜா நான்தான் என்று சொல்லிக்கொண்டு இன்னொரு ஆள் இருந்தார். காலனித் தங்கராசு. கல்லுடைக்கிறவர். ஷூட்டிங் முடிந்த மறு வருஷம் டீக்கடையில் இதைச் சொன்னதற்காக மில் ஆட்கள் கைவைத்தார்கள். பிறகு அடிப்பதை விட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்கள். 'புளுகு ராஜா' என்று பெயர் வைத்தார்கள். அந்த டீக்கடையில் அவருக்கென்று தனி கிளாஸ். ராஜாவுக்குத் தனி கிளாஸ்தானே மரியாதை என்று அதற்கும் ஒரு கேலி.

எண்பத்து நான்கில் தங்கராசு முதல் தடவையாக பாஷா கடைக்கு வந்தார். "பாய், வெளிநாட்டுப் படமெல்லாம் வரவழைக்கிறியாமே. என் படம் வருமா?"

பாஷா பகுத்தறிவாளர் அல்லவா? "நீதான் ராஜான்னு ஆதாரம் இருக்குதா?" என்று கேட்டார்.

"நான் இருக்கறனே."

"அது ஆதாரம் ஆவாது. அவருகிட்ட போட்டோ இருக்குது."

தங்கராசு படியிறங்கிப் போய்விட்டார். அதன் பிறகு பட்டியல் வருகிற மாதமெல்லாம் வந்து, "வந்துச்சா பாய்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார்.

எண்பத்தைந்து கடைசியில் படம் வந்தேவிட்டது. பட்டியலின் நடுப்பக்கத்தில் பெயர், வருஷம், அதன் பிறகு ஓர் எண்: எண்பத்தெட்டு நிமிடம். மங்கையின் முகம் சுண்டிவிட்டது. படத்தின் முழு நீளம் நூற்று முப்பத்தொன்று. நாற்பத்து மூன்று நிமிடத்தை எவனோ வெட்டி எறிந்திருக்கிறான்.

"வாங்கக் கூடாது," என்றார் தாண்டவராயன், கட்சித் தீர்மானம் போல. "வெட்டுன படத்த வாங்குனா, வெட்டுனவனுக்குத் தைரியம் வந்துடும். பேருக்குப் பக்கத்துல நட்சத்திரம் இருக்குது பாருங்க. அப்படின்னா முழுசு பின்னால வருதுன்னு அர்த்தம்."

ஒரு வருஷம் யூகத்திலேயே ஓடியது. மூல நெகட்டிவ் பாரிஸில் இருக்கிறது, இல்லை, எரிந்துபோயிற்று, இல்லை, இயக்குநரின் முதல் மனைவி பூட்டி வைத்திருக்கிறாள். அந்த அம்மாள் எப்போது சாவாள் என்றுகூட ஒரு ஞாயிற்றுக்கிழமை விவாதம் நடந்தது. 'நம் செஞ்சியின் ராஜா நடித்த முழுப் படம் விரைவில்' என்ற செய்தி கடையைத் தாண்டி ரைஸ்மில் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

எண்பத்தேழு தை மாதம் தங்கராசு சுவரைத் தடவியபடி கடைக்குள் வந்தார். இடக்கண் எப்போதோ கல் சில்லு தெறித்துப் போனது. இப்போது வலக்கண்.

"பாண்டி ஆஸ்பத்திரில பாத்தாங்க பாய். நரம்பாம். ஆடி வரைக்கும் தாங்கினா பெருசுன்னாங்க. படம் எப்பதான் வரும்?"

ஞாயிற்றுக்கிழமை பாஷா இதைச் சொன்னார். மங்கை தலையைக் குனிந்துகொண்டார். தாண்டவராயன், "பாவந்தான். அதுக்காகக் கொள்கைய விட முடியுமா?" என்றார்.

"கொள்கையா? யோவ், மூணு பேர் ஒக்காந்து ஒரு நட்சத்திரத்தப் பாத்துக் குறி சொல்லிட்டு இருக்கறோம். இதுக்குப் பேர் கொள்கையா?" என்று பாஷா எழுந்துவிட்டார். சொன்ன பிறகுதான், ஒரு வருஷமாகத் தானும் அதே குறியைத்தான் சொல்லிவந்தோம் என்பது உறைத்தது.

அன்றைக்கே மச்சானுக்குக் கடிதம் போட்டார். சித்திரையில் லீவில் வந்த உமர் பாரூக் கேசட்டைக் கையில் கொடுத்தான். பாஷா கடையைச் சாத்திவிட்டு ஜாஹிதாவோடு உட்கார்ந்து பார்த்தார். ஏழாவது நிமிடத்தில், கோட்டையின் ராஜகிரி மலைப் படிக்கட்டில் தலையில் மகுடத்தோடு ஓர் ஆள் இறங்கிவந்தான். கழுத்து அசையவில்லை. தண்ணீர்க்குடம் வைத்திருந்தால்கூட ஒரு சொட்டுச் சிந்தியிருக்காது. முகம் பெரிதாக வந்து திரையை நிறைத்தது.

"இது நம்ம தங்கராசு இல்ல?" என்றார் ஜாஹிதா. "போட்டோவுல இருந்த ரைஸ்மில்காரர் எங்க?"

ரைஸ்மில்காரர் நாற்பதாவது நிமிடத்தில் வந்தார். ராஜாவின் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகுடத்தை எப்போதோ இரவல் வாங்கி, ஸ்டுடியோவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார். கதை அவ்வளவுதான்.

"ஆதாரம் கேட்டீங்களே அந்த மனுசங்கிட்ட," என்றார் ஜாஹிதா. "மில்காரர்கிட்ட கேட்டீங்களா?"

பாஷா டெக்கை நிறுத்தினார். சாமி சிலையை நம்பாதவர், மாலை போட்ட ஒரு போட்டோவை இருபத்தைந்து வருஷம் நம்பியிருக்கிறார். போட்டோவில் இருப்பவருக்கு மில் இருந்தது, நேரில் வந்தவரிடம் சம்மட்டி இருந்தது. பகுத்தறிவு அந்த இடத்தில்தான் தூங்கிப்போயிருக்கிறது.

மறுநாள் காலனிக்குப் போனார். "அண்ணே, படம் வந்துடுச்சு. வாங்க, கடையில ஒக்காந்து பாக்கலாம்."

அண்ணே என்ற சொல்லைக் கேட்டுத் தங்கராசு முகத்தைத் திருப்பி ஒருமுறை பார்த்தார். "தனியா பாத்து இன்னா பாய் ஆவப்போவுது? நான் ராஜான்னு எனக்குத் தெரியாதா? நான் பாக்கும்போது அவங்களும் பாக்கணும்."

அதற்கும் வேளை வந்தது. வைகாசியில் துரைக்கண்ணு தன் பேத்திக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்தார். ஒரு பெண் வயதுக்கு வந்ததை மைக் கட்டி ஊருக்கு அறிவிக்கும் இந்த அசிங்கத்தை பாஷா எப்போதும் திட்டுவார். திட்டிக்கொண்டே டி.வி. கொண்டுபோவார். இந்த முறை திட்டவில்லை.

மத்தியானச் சாப்பாட்டில் முதல் பந்திகள் முடிந்தன. பந்தலுக்குள் உறவுக்காரர்கள், பந்தலுக்கு வெளியே கடைசிப் பந்திக்குக் காத்திருக்கும் காலனி ஆட்கள். பாஷா டி.வி.யைப் பந்தல் வாசலிலேயே மேசை போட்டு வைத்தார்.

"உள்ள கொண்டா பாயி," என்றார் துரைக்கண்ணு.

"வயர் எட்டலீங்க." வண்டியில் இன்னும் இருபது அடி வயர் சுருண்டு கிடந்தது. "உங்க படமே கொண்டாந்திருக்கிறேன். செஞ்சிப் படம்."

துரைக்கண்ணுவின் முகம் வெளிறிப்போனது. "அதெல்லாம் எதுக்கு இப்ப? சண்டைப் படம் எதனா போடு."

"அட, போடச் சொல்லுங்க," என்றார் அவர் மனைவி சுந்தராம்பாள். "இத்தினி வருசமா கண்ணாடிக்குள்ள பாத்துட்டேன். நடக்கறதையும்தான் பாக்கலாமே." உறவுக்கூட்டம் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டது. இனித் தடுத்தால்தான் கெட்டபெயர்.

பாஷா வெளியே போய்த் தங்கராசின் கையைப் பிடித்து அழைத்துவந்தார். பந்தல் வாசலில், திரைக்கு நேர் முன்னால், ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார். யாரோ முணுமுணுத்தார்கள். அதற்குள் படம் ஓடத் தொடங்கிவிட்டது.

ஏழாவது நிமிடம் வந்தது. பந்தலில் விசிறிச் சத்தம் நின்றது. ராஜா படியிறங்கி வந்தார், பாறை ஓரத்தில் நின்றார், அண்ணாந்து வெகுநேரம் எதையோ பார்த்தார். அதிகாரத்தின் வெறுமை என்று இந்தக் காட்சியைப் பற்றி மங்கை மூன்று பக்கம் படித்திருந்தார்.

"அங்க பெரிய தேனடை," என்றார் தங்கராசு, யாரையும் பார்க்காமல். "எப்பக் கலையுமோன்னு பயந்துட்டு நிக்கறேன். இந்த வெள்ளக்காரன் நிறுத்தவே மாட்டேங்கறான்."

சுந்தராம்பாள் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்தார். "அப்பவே நெனச்சேன். இந்தத் தோள் உங்களுக்கு ஏது?" குதிரை பிடிக்கும் காட்சி வந்தபோது அவருக்கு இருமலே வந்துவிட்டது.

துரைக்கண்ணு எழுந்தார். குரலை உயர்த்தினார். "இது வெட்டுன படம். எல்லாருக்கும் தெரியும். முழுப் படம் பின்னால வருது, தபால் ஆபீஸ்காரரையே கேளுங்க. அதுல நான்தான் ராஜா."

எல்லோரும் தாண்டவராயனைப் பார்த்தார்கள். ஓரமாக வெற்றிலை மென்றுகொண்டிருந்த அவர், தன் நட்சத்திரமே தன்னை இப்படி மாட்டிவிடும் என்று எதிர்பார்க்கவில்லை. எச்சிலை விழுங்கினார். "முழுப் படம் வருமான்னு... எனக்குத் தெரியாதுங்க. நாங்க சும்மா சொல்லிட்டிருந்தோம்," என்றார். இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன ஒரே சரியான யூகம் அது.

"வரட்டுமே," என்றார் தங்கராசு. "அதுலயும் நான்தானே நடக்கணும்."

படம் முடிந்தது. துரைக்கண்ணு எப்போது வீட்டுக்குள் போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. பாஷா கேசட்டை எடுக்கக் கையை நீட்டினார்.

"பாய், படியில எறங்கறத மட்டும் இன்னொரு தரம் போடு. சரியாத் தெரியல."

பாஷா ரீவைண்ட் பட்டனை அழுத்தினார். தங்கராசு நாற்காலியை முன்னால் நகர்த்தினார். அதுவும் போதவில்லை. எழுந்து, மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோய் நிறுத்தினார். டி.வி. முழுதும் மறைந்துவிட்டது. பந்தலில் இருந்தவர்களுக்கு அவருடைய முதுகும், அதைச் சுற்றிக் கொஞ்சம் வெளிச்சமும்தான் தெரிந்தன.

"யோவ், தலைய நவுத்துய்யா! எங்களுக்குத் தெரிய வேணாமா?" என்று நடுவரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்.

"நீதான் பாத்துட்டியே," என்றார் தங்கராசு. நகரவில்லை.