இடப்பக்கம் ஒரு சுவர்

செஞ்சியிலிருந்து புதுச்சேரிக்கு எழுபது கிலோமீட்டர். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் எவ்வளவு நேரமாகும் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன், கணக்கில் வகுப்பிலேயே முதல். அதனால் அன்று காலை அந்தக் கணக்கை மைல்கல்லுக்கு ஒரு முறை போட்டுக்கொண்டு வந்தேன்.

"கொஞ்சம் மிதிடா."

"நாப்பதுதான்."

"ஒம்போதரைக்குள்ள அங்க பேர் குடுக்கணும்டா!"

"மெத்தை ஏத்துனா நாப்பதுதான்னு அத்தா சொல்லிக்கிறாரு."

ஓட்டியவன் மெத்தைக் கடைக்காரர் மகன். ஆறடி உயரம், லைசென்ஸ் கைக்கு வந்து இருபது நாள். ரோட்டோரம் கோழி நின்றாலும் ஹாரன் அடிப்பான். தீவனூரில் ஒரு கல்யாண வீட்டுக்கு இரண்டு சீர் மெத்தைகளை இறக்கிவிடுவதாக ஒப்புக்கொண்டுதான் அவன் அத்தாவிடம் லோடு ஆட்டோவை வாங்கி வந்திருந்தான். அவன் சீட்டில் பாதியை நான் பிடித்திருந்தேன். பின்னால், மெத்தைகளின் மேல் வானத்தைப் பார்த்தபடி படுத்திருந்தான் எங்கள் நீச்சல்காரன். பயணமே அவனுக்காகத்தான்.

புதுச்சேரியில் ஒரு கல்லூரி, விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்க்க ஆள் எடுத்தது. நீச்சலில் நூறு மீட்டரில் முதல் இருவர், ஐம்பதில் முதல் இருவர். கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை அவன் பெங்களூர் பஸ் ஏற வேண்டும். அங்கே அவன் மாமா டைல்ஸ் வேலை எடுத்துச் செய்கிறார், ஆளும் கேட்டிருந்தார். "சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கு அங்க போனா தொழிலாச்சும் கத்துக்குவான்" என்று அவன் நைனா முடிவு சொல்லிவிட்டார். இதில் என்னுடைய பங்கும் இருக்கிறது. ஐ.டி.ஐ.க்கு விண்ணப்பம் வாங்கப் போனவனைப் பாதி வழியில் மறித்து, "நீச்சல்ல சீட்டு உறுதி, கணக்கு போட்டுட்டேன்" என்று சொன்னது நான்தான்.

அந்தக் கணக்கு இது. எங்கள் பக்கத்தில் சதுரக் கிணறுகள்தான் அதிகம். நீச்சல்காரன் வீட்டு நிலத்துக் கிணறு வட்டம். கயிறு போட்டு அளந்தேன், குறுக்களவு பன்னிரண்டு மீட்டர். பை மதிப்பால் பெருக்கினால் சுற்றளவு முப்பத்தேழே முக்கால். அப்படியானால் இரண்டே முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகப் போனால் நூறு மீட்டர். ஒரு மாதம் மோட்டார் கொட்டகைப் படியில் உட்கார்ந்து, செல்போனில் நேரம் பார்த்து, நோட்டில் குறித்தேன். இணையத்தில் பார்த்த மாநில அளவு நேரங்களுக்குப் பக்கத்திலேயே வந்தான்! எனக்குத் தூக்கம் வரவில்லை.

தீவனூரில் மெத்தையை இறக்கிவிட்டு ஓடிவிடலாம் என்பது என் திட்டம். பெண்ணின் அம்மா விடவில்லை.

"சீர் மெத்தை தூக்கியாந்த புள்ளிங்க வெறும் வயித்தோட போனா நல்லாவா இருக்கும்? குந்துங்கப்பா."

இலை போட்டுவிட்டார்கள். கேசரி, இட்லி, வடை. நான் நீச்சல்காரனின் தொடையைக் கிள்ளினேன். அவன் மூன்றாவது வடையை எடுத்தான்.

"டேய், தண்ணியில கல்லாட்டம் முழுவிடுவடா!"

"வேணாம்னா கோவிச்சிக்குவாங்கடா," என்றான். கேசரியும் இன்னொரு முறை வந்தது.

மறுபடி கிளம்பியபோது மணி எட்டு. வண்டி காலி. முள் மறுபடியும் நாற்பதில் போய் நின்றது.

"மெத்தையதான் எறக்கியாச்சேடா?"

"எறக்கினப்பறம் எவ்ளோன்னு அத்தா சொல்லல."

ஒரு டிராக்டர் எங்களைத் தாண்டிப் போனது. அதன் டிரெய்லரில் இருந்த ஆடுகூட எங்களைத் திரும்பிப் பார்த்தது. திண்டிவனம் மேம்பாலத்து நெரிசலில் நின்றபோது, என் கை சும்மா இருக்காமல் நோட்டைத் திறந்தது. அப்போதுதான் எனக்கு வியர்த்தது.

நான் அளந்தது சுவரை. அவன் நீந்தியது சுவரிலிருந்து ஒரு கை தள்ளி. ஆரம் ஆறு இல்லை, ஐந்து. ஒவ்வொரு சுற்றிலும் ஆறு மீட்டருக்கு மேல் குறைகிறது. நான் நூறு என்று நோட்டில் எழுதியதெல்லாம் வெறும் எண்பத்துமூன்று. பின்னால் திரும்பிப் பார்த்தேன். வெறும் தகரத்தில் படுத்து, வயிற்றைத் தடவிக்கொண்டு, எதிரே வந்த பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான். கிளியனூர் வரை பேசாமலே வந்தேன்.

"இன்னாடா, ரேடியோ நின்னுபோச்சு?" என்றான் ஓட்டியவன்.

ஒன்பது இருபத்தைந்துக்குப் பெயர் கொடுத்தோம். நீச்சல் குளம் என்ற ஒன்றை மூன்று பேருமே முதல் முறையாகப் பார்த்தோம். நீல நிறம், அடி வரை தெரிகிற தண்ணீர், ஐம்பது மீட்டர் நீளத்துக்கும் கட்டிய கயிறுகள். மற்ற பையன்கள் ரப்பர் தொப்பியும் கண்ணாடியும் போட்டிருந்தார்கள். இவன் கால்பந்து டவுசரில் நின்றான்.

முதலில் நூறு. விசில் ஊதியதும் மற்றவர்கள் அம்பு மாதிரி பாய்ந்தார்கள். எங்கள் ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதிப்பதுபோல் தொப்பென்று விழுந்தான். நேரம் குறிக்கிறவரின் சட்டை நனைந்தது. ஆனால் எழுந்து வீச ஆரம்பித்ததும் வேகம் இருந்தது, நிஜமான வேகம்! பத்து மீட்டர் நேராகப் போனான். அப்புறம் மெல்ல வலது பக்கம் திரும்பினான். கயிற்றுக்கு அடியில் நுழைந்து அடுத்தவன் பாதைக்குப் போனான். அதையும் கடந்தான். மூன்றாவது கயிற்றில் கழுத்து மாட்டி நின்றபோது விசில் ஊதிவிட்டார்கள்.

சுற்றிலும் சிரிப்பு. எனக்கு மட்டும் விளங்கியது. கோயிலை வலம் வருகிற மாதிரிதான் அந்தக் கிணற்றை அவன் சுற்றுவான். மாற்றிச் சுற்றினால் அவன் அம்மா வரப்பிலிருந்தே கத்துவார். பத்து வருடமாக வலமாகவே சுற்றியவனுக்குத் தண்ணீர் என்றாலே வட்டம்.

நீக்கப்பட்டு வெளியே வந்து உட்கார்ந்தான். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. கணக்கைச் சொல்லிவிட்டேன். சுவர், கை, ஆரம், எண்பத்துமூன்று, எல்லாவற்றையும்.

"நேராப் போயிருந்தாலும் நீ தோத்திருப்ப. தப்பு என்னுதுடா."

தலையைச் சாய்த்துக் காதில் இருந்த தண்ணீரைத் தட்டி வெளியேற்றினான்.

"அப்ப அம்பது?"

"அது நாப்பத்திரெண்டுதான்."

"எட்டு மீட்டருதானே. மூச்சப் புடிச்சிக்கறேன் வுடு." குளத்தைப் பார்த்தான். "தூரம் இல்லடா பிரச்சனை. செவுரு கண்ல படல. இடப்பக்கம் செவுரு இருந்தா நேராப் பூடுவேன்."

நான் ஓடினேன். பட்டியல் வைத்திருந்தவரிடம், "சார், அவனுக்கு இடது ஓரத்துப் பாதை வேணும் சார்" என்றேன்.

"ஓரத்தில அலை திரும்பி அடிக்கும்பா. யாரும் கேக்க மாட்டாங்க."

"அவன் கேக்கறான் சார்."

அந்தப் பாதையில் பெயர் இருந்த பையனைக் கேட்டார். அவன் சந்தோஷமாக மாற்றிக்கொண்டான்.

ஐம்பதிலும் அதே தொப். அதிலேயே இரண்டு ஆள் நீளம் பின்தங்கினான். அப்புறம் இடப்பக்கம் தலையைத் திருப்பி மூச்செடுத்தான், சுவரைப் பார்த்தான். சுவரிலிருந்து சரியாக ஒரு கை தள்ளி, கோடு கிழித்த மாதிரி போக ஆரம்பித்தான். ஓரத்தில் மெத்தைக் கடைக்காரர் மகன் கத்திக்கொண்டே கூட ஓடினான். அன்று அவன் நாற்பதைத் தாண்டியது அப்போது மட்டும்தான். பாதியில் நீச்சல்காரன் இரண்டு பேரைப் பிடித்தான். முக்காலில் இன்னொருவனை. கடைசி எட்டு மீட்டர் வந்தது. தலை தூக்கவேயில்லை. நானும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன் என்பது சுவரில் கை பட்ட சத்தம் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது.

பெயரை எழுதிக்கொண்டு, திங்கட்கிழமை காலை சான்றிதழ்களோடு வரச் சொன்னார்கள். அதே திங்கட்கிழமை. படிக்கட்டில் வடையாக இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு, என் போனில் நைனாவைக் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"இன்னாடா ஆச்சு?"

"ரெண்டாவது நைனா. எடுத்துக்கினாங்க."

அந்தப் பக்கம் கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப பெங்களூரு மாமனுக்கு இன்னா சொல்றது?"

"வரலன்னு சொல்லு."

"நீயே சொல்லு. கரண்ட்டு இருக்கசொல்ல மடைய மாத்தணும் நானு." வைத்துவிட்டார்.

திரும்பும்போது மூன்று பேரும் முன்னாலேயே நெருக்கிக்கொண்டோம். நீச்சல்காரன் மாமாவின் நம்பரைப் போட்டுக் காதில் வைத்துக்கொண்டான். ரிங் போய்க்கொண்டிருந்தது. அவன் குனிந்து, நாற்பதில் நின்ற முள்ளைப் பார்த்தான்.

"ஏண்டா, திங்கக்கெழம இந்த வண்டியிலயா வரணும்?"

"பஸ்ஸுல போலாம்டா," என்றேன் நான்.

ஓட்டியவன் ரோட்டோரம் நின்ற கோழிக்கு ஹாரன் அடித்தான்.