பழைய ஈயம் வேணுமாம்

முனைவர் பட்டத்துக்காக நான் ஆறு வருடம் தேடியது கரும்பொருளை. அண்டம் முழுக்க நிறைந்திருக்கிறது, ஆனால் இதுவரை யாரும் பிடித்ததில்லை என்று சொல்லப்படும் பொருள் அது. அது ஒரு படிகத்தில் வந்து மோதினால் மிகச் சின்னதாக ஓர் ஒளிப்பொறி தெரியும் என்பது எங்கள் நம்பிக்கை. எலுமிச்சம்பழ அளவில் ஒரு படிகத்தை வைத்துக்கொண்டு, வெளிமாநில ஆய்வகம் ஒன்றில் அந்தப் பொறிக்காக உட்கார்ந்திருந்தேன்.

சிக்கல் என்னவென்றால், கல், மண், சுவர், பக்கத்தில் நிற்கும் ஆள் என்று எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கதிரியக்கம் வந்து அதே படிகத்தில் பொறி காட்டிக்கொண்டிருக்கும். அதைத் தடுக்கச் சுற்றிலும் ஈயக்கட்டி அடுக்குவோம். ஆனால் புது ஈயத்துக்குள்ளேயே கொஞ்சம் கதிரியக்கம் உண்டு. உருக்கி எடுத்து இருநூறு வருடமாவது ஆனால்தான் அது அடங்கும். அதனால் எங்கள் துறையில் பழைய ஈயத்துக்குத் தனி மரியாதை. விடுமுறைக்கு நான் ஊருக்குக் கிளம்பியபோது என் பேராசிரியர், உங்கள் பக்கம் கிடைத்தால் மூன்று நான்கு கிலோ கொண்டு வா, படிகத்தை ஒட்டிய உள்அடுக்குக்கு அது போதும் என்றார்.

கடத்தூரில் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இதை அம்மாவிடம் சொன்னேன். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் அம்மா சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் பேசிப் போட்டுவிட்டார்.

"பாப்பா படிப்புக்குப் பழைய ஈயம் வேணுமாம். வூட்ல இருக்கறவங்க குடுங்க. இல்லேன்னா பட்டம் தர மாட்டாங்களாம்."

கடைசி வரியை நான் சொல்லவே இல்லை.

மறுநாள் காலை பாலக்கோட்டிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் கட்டைப்பை. அதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு குண்டான்கள்.

"அத்தை, இது ஈயம் இல்லைங்க. அலுமினியம்."

"முப்பது வருசமா ஈயக் குண்டான்னுதான் சொல்றேன். இதுலதான் சோறாக்கறேன். நீ அஞ்சு வருசம் படிச்சுட்டு வந்து வேற பேரு வெக்கற."

சாயங்காலத்துக்குள் கூடத்தில் பதினோரு பாத்திரம் சேர்ந்துவிட்டது. ஒவ்வொருவரிடமும் இது அலுமினியம் என்று சொல்ல, ஒவ்வொருவரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை, அவள் அப்படித்தான் சொல்வாள் என்பதுபோலத் தலையை ஆட்டினார். பக்கத்து வீட்டு அண்ணன் மட்டும் விவரம் தெரிந்தவர். செத்துப்போன இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே இருப்பது அசல் ஈயம்தான்.

"எத்தனை வருசம் பழசுங்கண்ணா?"

"நாலு வருசம். சுத்தமா போயிடுச்சு."

"எனக்கு இருநூறு வருசமாவது பழசா வேணுங்கண்ணா."

அவர் என்னையும் பேட்டரியையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்கு வாரண்டியே மூணு வருசந்தான் பாப்பா குடுத்தாங்க."

ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அத்தை என்னோடு பேசவில்லை. பிறகு அவராகவே ஆரம்பித்தார். "எங்க ஊரு ஏரியில வலை வீசறவரு ஒருத்தர் இருக்காரு. வலை ஓரத்துல குண்டு குண்டா தொங்குது. அது ஈயமா, இல்ல அதுக்கும் வேற பேரு வெச்சிருக்கியா?"

அடுத்த நாள் அத்தையோடு போனேன். வலைக்காரர் தக்காளி விவசாயி. விலை விழுந்தால் பறிக்கிற கூலிகூட வராது என்று வலையை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவாராம். வலையின் விளிம்பு முழுக்கச் சாம்பல் நிறக் குண்டுகள். நிலத்தை உழும்போது அவர் தாத்தாவுக்குக் கிடைத்தவை. ஏதோ பழைய சண்டையில் சுட்ட துப்பாக்கிக் குண்டு என்று வீட்டில் சொல்வார்களாம். தாத்தா ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டு வலையில் கோத்திருக்கிறார். அப்படியென்றால் இருநூறு வருடத்துக்கு மேல் இருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

"இதை எனக்குக் குடுப்பீங்களா?"

"குண்டு இல்லேன்னா வலை தண்ணி மேல பாயாட்டம் மெதக்குங்களே."

"அதே எடைக்குப் புது ஈயம் வாங்கித் தர்றேங்க."

அவர் அத்தையைத் தனியாகக் கூப்பிட்டுப் போனார். மெதுவாகத்தான் பேசினார், ஆனாலும் கேட்டது. "புதுசைக் குடுத்துட்டுப் பழசை வாங்குது. வூட்ல சொல்லிட்டுத்தான் வந்துச்சுங்களா?"

"சொல்லிட்டுத்தான் வந்துச்சு. இந்தப் படிப்பே அப்படித்தாங்க," என்றார் அத்தை.

கடைவீதியில் புதுக் குண்டுகள் வாங்கிவந்தேன். பழையதை அறுத்துப் புதியதைக் கோக்க இரண்டு நாள் ஆயிற்று. நான் கோத்த பக்கத்தை வலைக்காரர் தூக்கிப் பார்த்து, "இடைவெளி ஒண்ணுக்கொண்ணு சமமா இருக்கணுங்க, இல்லேன்னா வலை விரியாது," என்று அவிழ்க்கச் சொன்னார். அப்போது நுண்கருவிகளைப் பொருத்துவதில் எனக்கு ஐந்து வருட அனுபவம். மிச்சத்தை அத்தைதான் கோத்தார். அதை அவர் அவிழ்க்கச் சொல்லவில்லை.

ஆய்வகத்தில் குண்டுகளைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொன்றையும் நாள்கணக்கில் அளந்தோம். எல்லாம் கதிரியக்கம் அடங்கி அமைதியாக இருந்தன, ஒரு பொட்டலத்தைத் தவிர. அதைப் பிரித்து ஒவ்வொன்றாக அளந்தபோது நான்கு குண்டுகள் மட்டும் புது ஈயம்போலச் சத்தம் போட்டன. வலைக்காரருக்குப் போன் செய்து அந்த நான்கைப் பற்றிக் கேட்டேன்.

"கல்லுல மாட்டி நாலு அறுந்துபோச்சுங்க. பேட்டரிக் கடையில ஈயம் வாங்கி நாந்தான் உருட்டிப் போட்டேன். எங்கப்பாவுக்கே தெரியாது. நீங்க எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

மிஷின் சொன்னது என்றேன்.

"நல்ல மிஷினுங்க," என்றார்.

ஆறு வருடத்தில் என் கருவியைப் பற்றி வெளியாள் ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அன்று முழுக்க சந்தோஷமாகத் திரிந்தேன்.

கரும்பொருள் கிடைக்கவில்லை. இந்த அளவுக்கு மேல் இங்கே இல்லை என்று ஒழுங்காக நிரூபித்தாலும் எங்கள் துறையில் பட்டம் தருவார்கள். வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கெடுபிடியானவர் என்று பயமுறுத்தியிருந்தார்கள். புள்ளிவிவரக் கணக்கையெல்லாம் இரவு பகலாகப் படித்துவிட்டுப் போயிருந்தேன். அவர் ஆய்வேட்டைப் புரட்டி, 'உள்அடுக்கு ஈயம்: மீன் வலை, தர்மபுரி மாவட்டம்' என்ற வரியில் விரலை வைத்தார். அதற்குப் பிறகு பக்கம் திரும்பவே இல்லை. யார் வலை, எத்தனை குண்டு, எப்படி அறுத்தீர்கள், எப்படிக் கோத்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். கடைசியாக, அந்த ஏரியில் என்ன மீன் கிடைக்கும் என்றார்.

ஜிலேபிதான் அதிகம், மழை நன்றாகப் பெய்த வருடத்தில் கட்லாவும் கிடைக்கும் என்றேன். அதைக் குறித்துக்கொண்டு என்னை வெளியே உட்காரச் சொன்னார். பத்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டு, கையைக் குலுக்கி, டாக்டர் என்றார்.