வலி ஊசி

என் கணவர் பந்தலேயோ குதிரைக்கறிக் கடைக்காரர். இத்தாலியில் லெச்சேக்குத் தெற்கே எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் தக்காளிக் குழம்பில் குழைய வெந்த குதிரைக்கறிதான். வெளியூர்க்காரர்கள் முகம் சுளித்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். கன்றுக்குட்டியைத் தின்கிறவர்களுக்கு இந்த வேஷம் எதற்கு என்பார்.

அப்படிப்பட்ட மனிதரிடம்தான் ஒலிவத்தோப்பு தொனாத்தோ தன் கிழட்டுக் குதிரையை விட்டுப் போனார். முன்கால் குளம்பு அழுகி, இனி குணமாகாது என்றாகிவிட்டது. வேறு யார் கையிலும் விட அவருக்கு மனமில்லை. திங்கட்கிழமை கசாப்புக்கூடத்துக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு.

ஞாயிறு முழுக்க அது எங்கள் கொல்லையில் காலைத் தூக்கிக்கொண்டு நடுங்கியது. இவர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. கால்நடை டாக்டரம்மாவை வரவழைத்தார்.

"இந்த வலி ஊசியப் போட்டா, இது சாகுற வரைக்கும் கறிக்கு ஆகாது. சட்டம் அப்படி. யோசிச்சுக்குங்க" என்றார் அந்த அம்மா.

"போடுங்க" என்றார் இவர்.

ஒரு ராத்திரி பொறுத்திருந்தால் வலியே தீர்ந்திருக்குமே? ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். கோபமாக வந்தது, பாவமாகவும் இருந்தது.

மறுநாள் மருந்தின் வேகம் தணிந்ததும் குதிரை மறுபடி காலைத் தூக்கியது. விஷயம் கேள்விப்பட்டு தொனாத்தோ வந்தார். சத்தம் போடவில்லை.

"சட்டுனு முடிச்சிருவேன்னுதானே தம்பி உங்கிட்ட விட்டேன்? கறியானா நாலு பேர் வயித்துக்காவது போயிருக்கும். இப்ப ஒரு நாள் வலியும் கூட, கடைசில எரிக்கத்தான் போறாங்க. இதுக்குப் பேரு இரக்கமா?"

அவரோடு சண்டை போட வாயைத் திறந்தேன். அதற்குப் பதில் டாக்டரம்மாவைக் கூப்பிடப் போனேன். டாக்டரம்மா கொல்லையிலேயே ஊசி போட்டு அதன் கதையை முடித்தார். தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் என் கணவர். பிறகு லாரி வந்து எடுத்துப் போனது.

சனிக்கிழமை தொனாத்தோ வழக்கம்போல் கறி வாங்க வந்தார். இவர் கறியை நிறுத்து, பொட்டலம் கட்டி நீட்டினார். தொனாத்தோ கை நீட்டவில்லை.

"இது யாரோட குதிரை, பந்தலேயோ?"

இத்தனை வருஷ வியாபாரத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி.

"போலந்துலேர்ந்து லாரில வந்துச்சு" என்றார் இவர். "யாரோடதுன்னு தெரியலையே, அண்ணே."

தொனாத்தோ வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்கவும் இல்லை. இவரும் நீட்டிய கையை மடக்கவில்லை.