போணி ஆகும்வரை

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது மூன்று, என் தங்கை விட்டுப்போனது ஒன்று, ஆக நாலு பேரை வளர்த்து ஆளாக்கினேன். மஞ்சள் கடுதாசி கொடுத்தவள் என்ற பேரும் எனக்கு உண்டு. கடனைத் தீர்க்க வழியில்லை என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தவர்களை எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அப்படிச் சொல்வார்கள். திருவனந்தபுரத்தில் பாப்பர் என்பார்கள். எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். "அதையும் எழுதணுமா ஆச்சி?" என்று மெதுவாகக் கேட்டாள். அதைத்தான் எழுத வேண்டும் என்றேன்.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் எங்களுக்குப் பாத்திரக்கடை இருந்தது. ராசி என்று சொல்லி வீட்டுக்காரர் என் பேரில் வைத்திருந்தார். அவர் படுக்கையில் விழுந்தார். வைத்தியத்துக்குக் கடன் வாங்கினோம், சரக்குக்கு வாங்கினோம், பிறகு வட்டி கட்டவே வாங்கினோம். கடைசியில் அவர் போய்விட்டார். கடன் என் பேரில் நின்றது. பிள்ளைகள் அப்போது பள்ளிக்கூடத்தில்.

காரியம் முடிந்ததும் அவருடைய அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு சத்தமில்லாம ஊருக்கு வந்துரு. அங்க எவன் தேடி வருவான்?"

"நான் எதுக்கு அத்தான் ஓடணும்? யாரு வீட்டுல களவாண்டேன்?"

"பின்ன, கோர்ட்டுல போயி நிக்கப் போறியா? நம்ம வீட்டுப் பொம்பள மஞ்சக் கடுதாசி குடுத்தான்னு ஊர் சிரிக்காதா?"

"சிரிக்கட்டும். ஓடிட்டாளேன்னு ஒருத்தரும் பேசப்படாது."

வக்கீலம்மா மலையாளத்துக்காரி. என்னென்ன இருக்கிறது என்று கேட்டாள். கடை, சரக்கு, பீரோ எல்லாம் சொன்னேன். மகளுக்கென்று வைத்திருந்த வளையல்களையும் முந்தானையிலிருந்து அவிழ்த்து மேசைமேல் வைத்தேன்.

"அம்மா, இது ஆருக்கும் அறியில்லல்லோ" என்றாள்.

"எனக்குத் தெரியுமே" என்றேன்.

எல்லாம் ஏலத்தில் போனது. வீட்டில் சமைக்கிற பாத்திரத்தைச் சட்டம் தொடாதாம். அப்படித் தப்பியது ஒரு பெரிய இட்லிக் கொப்பரை. அதை வைத்துத் தெருமுனையில் சாயங்காலம் இட்லி விற்கிற தட்டுக்கடை போட்டேன்.

கையில் முதல் கிடையாது. அன்றன்றைக்கு வேண்டிய அரிசியும் உளுந்தும் அன்றன்றைக்கே வாங்க வேண்டும். காலையில் கடை திறக்கிற நேரத்துக்கே சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். எங்கள் பழைய கடைக்கு எதிரே பலசரக்குக்கடை வைத்திருந்த அண்ணாச்சி என்னைப் பார்த்தார்; முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அக்கா, செத்த தள்ளி நில்லுங்க. போணி ஆயிரட்டும்."

நாளின் முதல் வியாபாரம் போணி. கைராசி உள்ளவர் கையால் அது நடக்க வேண்டும். கடை முங்கிப்போனவள் கைக்காசை முதலில் வாங்கினால் அன்றைக்கு வியாபாரம் படுத்துவிடும் என்பது அந்தத் தெருவின் நம்பிக்கை. முன்பு புதுச்சரக்கு வந்தால் என்னைத்தான் கூப்பிட்டுப் போணி பண்ணச் சொல்வார் இதே அண்ணாச்சி.

எதிரே போய் நின்றேன். மூட்டை இறக்குகிற ஒருவன், "பாப்பரு வந்தாச்சு" என்று சிரித்தான்.

"பாப்பரு ரொக்கத்துக்குத்தான்யா வாங்குதா. நீ டீயே கடனுக்குல்லா குடிக்கே!" என்றேன். தெருவே சிரித்தது.

வேறு கடைக்குப் போயிருக்கலாம், நேரம் கழித்துப் போயிருக்கலாம். போகவில்லை. அவர் ஷட்டரைத் தூக்கும்போது எதிரே நான் நிற்பேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றதில்லை. அப்படியே வருஷங்கள் ஓடின, பிள்ளைகள் தலையெடுத்தார்கள், நான் தட்டுக்கடையை விடவில்லை.

கொரோனா வந்தது. மாதக்கணக்கில் கடைகள் பூட்டிக் கிடந்தன. அதற்குப் பிறகு அண்ணாச்சியின் வியாபாரம் எழுந்திருக்கவே இல்லை என்று கேள்விப்பட்டேன். ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரம், முதல் ஈடு இறக்கியிருந்தேன். எதிரே கரண்டுக் கம்பத்தடியில் அவர் நின்றார்.

"ஏன் அங்க நிக்கீங்க அண்ணாச்சி? வாங்க."

"போணி ஆயிரட்டும்க்கா."

எனக்குப் புரிந்துவிட்டது. கிட்டே போனேன்.

"கடுதாசி குடுத்தாச்சா?"

"நாளைக்குக் குடுக்கணும். கையெழுத்துப் போட கை வர மாட்டேங்கு. வேற என்னென்னமோ நினைப்பு வருதுக்கா."

அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து, இலையில் நாலு இட்லி வைத்தேன்.

"காசை எடுங்க."

"என் கையால வேண்டாம். உங்க பிழைப்பு கெட்டுப்போவும்."

பக்கத்தில் ஆட்டோக்காரர் ஒருவர் காசை நீட்டினார். வாங்கவில்லை. "கொஞ்சம் நில்லுங்க சேட்டா. போணி இவருது" என்றேன். வரிசை சேர்ந்தது. "அம்மச்சி, விசக்குந்நு!" என்று யாரோ பசியில் கத்தினார். நான் கொப்பரையை மூடிவிட்டு நின்றேன்.

"உங்க கையால ஆகலைன்னா இன்னைக்குக் கடை கிடையாது அண்ணாச்சி."

சட்டைப்பையைத் தடவி எடுத்துக் கொடுத்தார். வாங்கிக் கண்ணில் ஒற்றி டப்பாவில் போட்டேன்.

அன்றைக்கு வியாபாரம் எப்போதும்போலத்தான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மறுநாள் கோர்ட்டுக்குப் போகிற வழியில் அதை அவரிடம் சொன்னேன். கூடப் போனது நான்தான்.

பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். வாசல் கதவு திறந்து கிடக்கிறது. அடுத்த வீட்டில் ஆள் இருக்கிறது.

"முதல்ல இருந்து வாசி மக்ளே. பாப்பர்னு வருத இடத்துல குரலைத் தாழ்த்தாத, என்னா?"